ஆர்கிட் வேர் அழுகாமல் இருக்க எந்த ஊடகம், எப்போது தண்ணீர்?

ஆர்கிட் செடி எப்படிச் செத்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். இலை துவண்டது, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினோம், மேலும் துவண்டது, ஒரு நாள் செடியைத் தொட்டால் வேரில்லாமல் கையோடு வந்துவிட்டது. இலை துவள இரண்டு காரணங்கள் உண்டு. வேருக்குத் தண்ணீர் கிடைக்காமல் இருக்கலாம். அல்லது தண்ணீரை எடுக்க வேரே இல்லாமல் போயிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதற்கு மருந்தாக இருக்கும் தண்ணீர், இரண்டாவதற்கு விஷம்.

புதிதாக ஆர்கிட் வளர்க்க ஆரம்பிப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த மீடியா நல்லது?" அதாவது, மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் நிரப்பும் ஊடகம் எது என்று. அப்புறம் தனியாகக் கேட்பது, "வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும்?" இவற்றைத் தனித்தனியாகக் கேட்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நெருக்கமாக அடைத்த ஸ்பாக்னம் பாசியில் பத்து நாளைக்கு ஒரு தடவை ஊற்றினாலே அதிகமாக இருக்கலாம். பெரிய கரித்துண்டுகளில் தினமும் ஊற்றினாலும் போதாமல் போகலாம். ஊடகத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்த நிமிடத்திலேயே தண்ணீர் ஊற்ற வேண்டிய இடைவெளியையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஒருவரின் கைப்பழக்கத்தை மாற்றுவது கடினம், ஊடகத்தை மாற்றுவது சுலபம். அதனால் செடியின் பெயரை வைத்து மட்டும் முடிவெடுக்காமல், தண்ணீர் ஊற்றுபவர் யார், செடி நிற்கும் இடம் எவ்வளவு வேகமாகக் காய்கிறது என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டும்.

வேர் ஏன் அழுகுகிறது

வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் ஃபெலனாப்சிஸ், கேட்லியா, டென்ட்ரோபியம், ஆன்சிடியம், வாண்டா எல்லாமே பெரும்பாலும் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும் செடிகள். ஒட்டுண்ணிகள் இல்லை; மரத்திடமிருந்து சாறு எடுப்பதில்லை, நிற்க இடம் மட்டும் எடுத்துக்கொள்கின்றன. மழை பெய்தால் அவற்றின் வேர் சில நிமிடங்களில் நனைந்துவிடும். மழை விட்டுக் காற்றடித்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். இந்த வாழ்க்கைக்கு ஏற்ற மாதிரி வேரைச் சுற்றி வெலமென் என்ற தடித்த உறை ஒன்று இருக்கிறது. முதிர்ந்த வெலமெனின் செல்கள் உயிரற்றவை. சுவர் மட்டும் மிஞ்சிய வெற்று அறைகள். தண்ணீர் பட்டதும் அவை நிரம்பிக்கொள்ளும், பிறகு உள்ளே இருக்கும் உயிருள்ள வேர்ப்பகுதிக்கு மெல்லக் கொடுக்கும். காய்ந்த வேர் வெள்ளி நிறமாகத் தெரிவதற்குக் காரணம் அந்த அறைகளில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பதுதான். நனைந்தால் உறை கண்ணாடிபோல ஆகி, உள்ளே இருக்கும் பச்சையம் தெரிகிறது. செடி தன் தாகத்தை நிறத்தாலேயே சொல்லிவிடுகிறது என்பது ஆர்கிட் வளர்ப்பவருக்குக் கிடைத்த பெரிய வசதி. இதைப் பின்னால் பயன்படுத்துவோம்.

வேரும் மூச்சு விட வேண்டும். அதற்கு ஆக்சிஜன் தேவை. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. ஊடகத்தின் இடைவெளிகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டால், அங்கே இருந்த கொஞ்ச ஆக்சிஜனை வேரும், ஊடகத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களும் சேர்ந்து தீர்த்துவிடும். அதன் பிறகு வேரின் செல்கள் சாக ஆரம்பிக்கும். பித்தியம், ஃபைட்டோஃப்தோரா, ஃபியுசேரியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் உள்ளே நுழைகின்றன. முதல் இரண்டும் நீரில் நீந்தும் வித்துகளை உண்டாக்குபவை. தேங்கிய தண்ணீர் அவற்றுக்கு வாகனம். அதனால்தான் அழுகல் தெரிந்தவுடன் பூஞ்சைக்கொல்லி வாங்க ஓடுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. காற்றில்லாத ஊடகம் அப்படியே இருக்கும்போது மருந்து ஊற்றுவது, ஈரத்தில் இன்னும் கொஞ்சம் ஈரம் சேர்ப்பதுதான்.

ஆக, ஆர்கிட் வேரைக் கொல்வது தண்ணீரின் அளவு என்பதைவிடக் காற்றின் பற்றாக்குறை என்று வைத்துக்கொண்டால் பல புதிர்கள் அவிழும். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீருக்குள்ளேயே வேர் விட்டு நிற்கும் ஆர்கிட்டும் உண்டு, வாரம் ஒரு தடவை மட்டும் ஊற்றியும் அழுகிப்போகும் ஆர்கிட்டும் உண்டு. தண்ணீருக்குள்ளேயே முளைத்த வேர் அந்தச் சூழலுக்குப் பழகி வளர்கிறது. காற்றுக்குப் பழகிய வேரைத் திடீரென மூழ்கடித்தால் அது மூச்சுத் திணறுகிறது.

தொட்டியின் அடியில் நடப்பது

தொட்டியில் ஓட்டை இருந்தால் அதிகப்படியான தண்ணீர் எல்லாம் வெளியேறிவிடும் என்று நினைப்போம். அப்படி நடப்பதில்லை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கவைத்தபடி பிடித்துப் பாருங்கள்; சொட்டுவது நின்ற பிறகு அதையே நிமிர்த்திப் பிடித்தால் மறுபடியும் தண்ணீர் சொட்டும். அடியில் எப்போதும் ஒரு ஈர அடுக்கு ஒட்டிக்கொண்டே இருக்கிறது, அதன் உயரம் ஸ்பாஞ்சின் துளைகளைப் பொறுத்தது. தொட்டியிலும் இதேதான். துகள் சின்னதாக ஆக ஆக, அடியில் தேங்கும் அடுக்கின் உயரம் கூடும். பெரிய பட்டைத் துண்டுகளில் அது ஒன்றுமில்லாத அளவு. தூளாகிப்போன பட்டையில் சில சென்டிமீட்டர் வரை போகும். உயரம் குறைந்த தொட்டியாக இருந்தால் பாதித் தொட்டி சேறு.

இதனால்தான் அடியில் ஒரு வரிசை கூழாங்கல் போட்டால் வடிகால் நன்றாகும் என்ற பழைய யோசனை பலன் தருவதில்லை. நுண்ணிய துகளில் பிடித்துக்கொண்ட தண்ணீர், கீழே இருக்கும் பெரிய இடைவெளிகளுக்குள் எளிதில் இறங்காது. ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அதாவது வேர் இருக்கும் இடத்துக்கு. அடியில் காற்று வேண்டுமென்றால், சின்ன வலைக்கிண்ணம் ஒன்றைத் தொட்டியின் நடுவில் கவிழ்த்து வைத்து அதைச் சுற்றி ஊடகத்தை நிரப்பலாம். கடைசியாகக் காயும் நடுப்பகுதியில் ஊடகமே இல்லாமல் போய்விடும். எளிய வேலை, பலன் அதிகம்.

ஊடகங்கள்: ஒவ்வொன்றின் குணம்

மரப்பட்டையிலிருந்து தொடங்குவோம். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆர்கிட் வளர்ப்பவர்கள் ஓஸ்முண்டா என்ற பெரணியின் வேர்நாரைத்தான் பரவலாகப் பயன்படுத்தினார்கள். அது அரிதானதும் ஃபிர் மரப்பட்டை அந்த இடத்தைப் பிடித்தது. இப்போது ஃபிர் பட்டையோடு, நியூசிலாந்தில் வளர்க்கப்படும் ரேடியாட்டா பைன் மரத்தின் பதப்படுத்திய பட்டையும் கிடைக்கிறது. இரண்டாவது மெதுவாக மட்கும்.

பட்டையின் பலம் அதன் துண்டுகளுக்கு இடையே நிற்கும் காற்று. தண்ணீரைத் துண்டின் மேற்பரப்பிலும் உள்ளேயும் ஓரளவு பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். ஃபெலனாப்சிஸ், கேட்லியா போன்ற தடித்த வேர்க்காரர்களுக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் துண்டு சரியாக இருக்கும். ஆன்சிடியம் மாதிரி மெல்லிய வேர் உள்ளவற்றுக்கும் நாற்றுகளுக்கும் அரை சென்டிமீட்டர் அளவு. வாங்கிய பட்டையைச் சல்லடையில் சலித்துத் தூளை ஒதுக்குவதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். இடைவெளிகளை அடைத்துக் காற்றை வெளியேற்றுவது அந்தத் தூள்தான்.

பட்டையில் ஒரு பொறி இருக்கிறது. புதுப் பட்டை தண்ணீரை ஏற்காது, ஊற்றியதெல்லாம் வழிந்து ஓடிவிடும். நடுவதற்கு முன் ஓர் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். அப்படி ஊறவைத்தாலும் முதல் சில மாதங்கள் சீக்கிரம் காயும். மாதங்கள் போகப்போக அது மென்மையாகி அதிகத் தண்ணீரைப் பிடித்துவைக்க ஆரம்பிக்கும். இரண்டாவது ஆண்டில் துண்டுகள் உதிர்ந்து இடைவெளிகள் மூடும். முதல் ஆண்டில் சரியாக இருந்த அதே நாலு நாள் இடைவெளி, இரண்டாம் ஆண்டில் வேரை அழுகவைக்கும். "நான் எதையும் மாற்றவில்லையே, ஏன் திடீரென்று போயிற்று?" என்று கேட்பவர்களுக்கு பதில் இதுதான்: நீங்கள் மாற்றவில்லை, பட்டை மாறிவிட்டது. புது ஊடகமா பழைய ஊடகமா என்பது, எந்த ஊடகம் என்பதைவிடப் பல நேரம் முக்கியமானது. ஃபிர் பட்டையென்றால் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுக்குள் மாற்றிவிடுவது நல்லது.

ஸ்பாக்னம் பாசி இதற்கு நேர் எதிர்க் குணம். அதன் இலைகளில் தண்ணீரைச் சேமிப்பதற்கென்றே வெற்றுச் செல்கள் இருக்கின்றன. தன் காய்ந்த எடையைப் போல் 20 மடங்கு வரை தண்ணீரைத் தாங்கும். கொஞ்சம் அமிலத்தன்மை உடையது, புதிதாக இருக்கும்போது கிருமிகள் அதில் எளிதில் பெருகுவதில்லை. வேர் இழந்த செடியை மீட்கவும், காற்று வறண்ட அறைக்கும், மறதி உள்ளவர்களுக்கும் இது நல்ல துணை. ஆனால் ஊடகங்களிலேயே அதிக வேரைக் கொன்றது எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் கைகாட்டுவேன். குறை பாசியில் இல்லை, அடைக்கும் விதத்தில் இருக்கிறது. விரல் சுலபமாக உள்ளே போகும் அளவுக்குத் தளர்வாக வைத்தால் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும். செடி ஆடாமல் நிற்க வேண்டுமென்று அழுத்தி அடைத்தால் அது நனைந்த கட்டியாகிவிடும். மேலே காய்ந்து மொறுமொறு என்று இருக்கும், நடுவில் தண்ணீர் பிழியலாம்.

தைவானின் பெரிய பண்ணைகள் ஃபெலனாப்சிஸைப் பாசியில் கெட்டியாக அடைத்தே வளர்க்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே வெப்பம், ஒளி, விசிறிக் காற்று, தண்ணீர் ஊற்றும் நாள் எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. தொட்டியும் சின்னது. அதே செடி வீட்டின் ஓர் அலமாரிக்கு வந்ததும் காயும் வேகம் பாதியாகிவிடும். பண்ணைக்குச் சரியான ஊடகம் வீட்டுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கடையில் வாங்கும் பல ஃபெலனாப்சிஸ் செடிகளுக்கு மேலே பட்டை தெரியும், உள்ளே தண்டின் அடியில் நாற்றுப் பருவத்தில் வைத்த பாசியோ பீட் எனப்படும் மட்கிய பாசித் தூளோ ஒரு கட்டியாக அப்படியே இருக்கும். சுற்றியுள்ள பட்டை காய்ந்ததைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம். நடுக்கட்டி மாதக்கணக்கில் காயவே காயாது. அழுகல் அங்கிருந்துதான் புறப்பட்டுத் தண்டுக்குள் ஏறும். புதுச் செடி வந்ததும், பூ முடியும் வரைகூடக் காத்திருக்கலாம், ஆனால் முடிந்த கையோடு எடுத்து அந்தக் கட்டியை விரலால் மெல்லப் பிரித்து நீக்கிவிட வேண்டும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தேங்காய் மட்டைத் துண்டுகள் பட்டைக்கும் பாசிக்கும் நடுவே நிற்பவை. சதுரத் துண்டுகளாக வெட்டியது பட்டையைவிட அதிக ஈரம் பிடிக்கும், சீராகப் பிடிக்கும், மறுபடி நனைவதிலும் சிரமம் தராது. பட்டையைவிடச் சற்று மெதுவாக மட்கும். இதன் குறை உப்பு. மட்டையில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் இருக்கும். ஊறவைத்து நீரை மாற்றி மாற்றிப் பல தடவை அலசாமல் பயன்படுத்தினால் வேர் நுனிகள் கருகும். மட்டைத் துண்டோடு நார்க்கழிவுத் தூளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தூள் காய்கறி நாற்றுக்கு நல்லது, ஆர்கிட் தொட்டியில் அது சேறுதான். நீளமான நாரைச் சுருட்டித் தொட்டியில் திணிப்பதும் அதே விளைவைத் தரும்.

மரக்கரி, செங்கல் சில்லு, ஓட்டுத் துண்டு, எரிமலைக்கல், பியூமிஸ் எனப்படும் நுரைக்கல் ஆகியவற்றைச் சேர்த்தே சொல்லிவிடலாம். இவை மட்காதவை, அதனால் ஆண்டுகள் ஆனாலும் காற்றுவெளி அப்படியே இருக்கும். தண்ணீரைக் குறைவாகவே பிடிக்கும் (செங்கல்லும் பியூமிஸும் கரியைவிடக் கொஞ்சம் கூடுதலாக). எப்போதும் ஈரக்காற்று உள்ள திறந்தவெளிக்கும், கை நிற்காமல் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கும் இவைதான் பாதுகாப்பு. காலப்போக்கில் உர உப்புகள் படிவது மட்டும் கவனிக்க வேண்டியது. கரி நச்சை உறிஞ்சி வேரைக் காக்கும் என்ற பேச்சை நம்பி வேறு கவனங்களைக் கைவிட வேண்டாம். தொட்டியில் அது முதன்மையாகச் செய்வது இடைவெளி கொடுப்பதுதான்.

லெக்கா எனப்படும் சுட்ட களிமண் உருண்டைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இதைச் சாதாரணத் தொட்டியில் போட்டு மேலிருந்து ஊற்றலாம். பலர் செய்வது வேறு முறை: அடியில் ஓட்டையில்லாத தொட்டி, பக்கவாட்டில் அடியிலிருந்து சுமார் 2.5 சென்டிமீட்டர் உயரத்தில் துளை, அதுவரை எப்போதும் தண்ணீர். உருண்டைகள் தண்ணீரை மேலே இழுத்துக் கொடுக்கும், அவற்றுக்கு இடையே காற்று நிற்கும். ஈரமும் காற்றும் ஒரே சமயத்தில் கிடைப்பதால் இது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இதற்கு மாற்றும் நேரம் முக்கியம். பழைய வேர்களோடு சும்மா இருக்கும் செடியை இதில் வைத்தால் அந்த வேர்கள் பெரும்பாலும் போய்விடும். புது வேர் முளைக்கத் தொடங்கும்போது மாற்றினால், அந்த வேர்கள் இந்தச் சூழலுக்கென்றே வளரும். குளிரான இடத்தில் இது வேண்டாம். உருண்டைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது வேர்ப்பகுதி இன்னும் குளிர்ந்துவிடும்.

கடைசியாக, ஊடகமே இல்லாத வழி. மரத்துண்டில் கட்டியோ கூடையில் வெறும் வேரோடு தொங்கவிட்டோ வளர்த்தால் அழுகல் ஏறத்தாழ நடக்காது. வாண்டாவுக்கு இதுதான் இயல்பு. விலை என்னவென்றால் வெயில் நாளில் தினமும், சில நாள் இரண்டு வேளையும் நனைக்க வேண்டும். ஒரு வாரம் வெளியூர் போகிறவருக்கு இது ஒத்துவராது.

தொட்டியைப் பற்றிச் சுருக்கமாக: மண்தொட்டி சுவர் வழியாகவும் காயும், பிளாஸ்டிக் மேலும் கீழும் மட்டும்தான் காயும். பக்கவாட்டிலும் துளையுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியை நான் ஃபெலனாப்சிஸுக்கு எப்போதும் பரிந்துரைப்பேன். வேரின் நிறமும் உள்சுவரில் படியும் நீர்த்துளியும் கண்ணுக்குத் தெரிவது அத்தனை உதவி. அளவு வேர்த்திரள் அடங்கும் அளவுக்கு மட்டும். செடி வளரட்டும் என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத ஊடகம் காயாமல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அழகுக்காக வெளியே வைக்கும் ஓட்டையில்லாத தொட்டியின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

தண்ணீர்: நாள்காட்டியைப் பார்க்காமல் தொட்டியைப் பார்ப்பது

வாரம் ஒரு தடவை என்ற விதி எல்லோருக்கும் நினைவில் நிற்கும், யாருக்கும் முழுசாகப் பொருந்தாது. வெயில், காற்று, தொட்டி, ஊடகத்தின் வயது எல்லாமே காயும் நாளை மாற்றும். பட்டையில் நட்ட ஃபெலனாப்சிஸ் வெப்பமான, காற்றோட்டமான இடத்தில் நாலு நாளில் காயலாம். அதே தொட்டி மேகமூட்டமான வாரத்தில் பத்து நாள் எடுக்கும்.

பார்த்து முடிவெடுக்க மூன்று வழிகள். முதலாவது வேரின் நிறம்: தொட்டிக்குள் தெரியும் வேர்கள் பச்சையாக இருந்தால் காத்திருக்கலாம், வெள்ளியாக மாறியிருந்தால் ஊற்றலாம். மேலே காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் வேரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, அது எப்போதும் சீக்கிரம் வெளுக்கும். இரண்டாவது எடை. நனைத்த உடனே ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், நன்றாகக் காய்ந்தபின் ஒரு தடவை. சில முறை செய்தால் கைக்குப் பழகிவிடும். ஒளி புகாத தொட்டிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது, ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை நடுவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுத்துப் பார்ப்பது. குச்சி கருத்து ஈரமாக வந்தால் இன்னும் நேரமிருக்கிறது.

எவ்வளவு காய விட வேண்டும் என்பதில் செடிக்குச் செடி வேறுபாடு உண்டு. கேட்லியாவுக்கும் தடித்த தண்டுக் குமிழ் உள்ள மற்றவற்றுக்கும் முழுசாகக் காய்ந்தபின் இன்னும் ஒரு நாள் பொறுத்தாலும் கேடில்லை, குமிழில் சேமிப்பு இருக்கிறது. ஃபெலனாப்சிஸுக்குக் குமிழ் இல்லை, இலையில் மட்டும்தான் சேமிப்பு. ஏறக்குறையக் காய்ந்த நிலையில் ஊற்றிவிட வேண்டும். பாஃபியோபெடிலம் பெரும்பாலும் காட்டுத் தரையின் இலைமட்கில் வளர்வது. அதை முழுக்கக் காய விடக் கூடாது, லேசான ஈரம் தொடர வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. நோபிலே வகை டென்ட்ரோபியத்துக்குக் குளிர்காலத்தில் ஏறத்தாழப் பட்டினி போட்ட மாதிரி தண்ணீரைக் குறைத்தால்தான் நன்றாகப் பூக்கும்.

ஊற்றும் முறையிலும் தேர்வு இருக்கிறது. அடியில் தாராளமாக வழியும்வரை மேலிருந்து ஊற்றுவதுதான் என் முதல் விருப்பம். தண்ணீர் கீழே இறங்கும்போது பழைய காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது, பின்னாலேயே புதுக்காற்று உள்ளே வருகிறது; படிந்த உப்பும் கழுவப்படுகிறது. பட்டை மிகவும் காய்ந்துபோயிருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் வாளியில் ஊறவைப்பது நல்லது. ஒரே வாளித் தண்ணீரில் பல தொட்டிகளை வரிசையாக முக்க வேண்டாம். ஒன்றில் இருக்கும் கிருமி எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைத்தான் நான் மோசமான முறை என்பேன். மேல்பரப்பு நனைந்தே இருக்கும், உள்வேருக்குப் போய்ச் சேராது, இலைக்கூம்பில் தண்ணீர் தங்கிச் செடியின் உச்சியே அழுகும் ஆபத்தும் உண்டு.

பனிக்கட்டி வைப்பதைப் பற்றிப் பலர் கடுமையாகப் பேசுவார்கள். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டையில் நட்ட ஃபெலனாப்சிஸுக்கு வாரம் மூன்று பனிக்கட்டி வைத்ததால் அதே அளவு தண்ணீர் ஊற்றியதைவிடத் தீங்கு எதுவும் தெரியவில்லை. அது ஆச்சரியமில்லை, அளவான தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. ஆனால் உப்பைக் கழுவும் வேலை அதில் நடக்காது என்பதால், பல ஆண்டு வைத்திருக்க நினைக்கும் செடிக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

காலையில் ஊற்றுங்கள், மாலைக்குள் இலையிடுக்குகள் காயும். தண்ணீரின் தரமும் கணக்கில் வரும். மழைநீர் மிக நல்லது. உப்பு அதிகமுள்ள தண்ணீரும், உப்பு போட்டு மென்மையாக்கும் கருவியிலிருந்து வரும் தண்ணீரும் வேர் நுனியைக் கருக்கும். இதைப் பலர் அழுகல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நுனி மட்டும் கருத்து, காய்ந்து, கெட்டியாக இருந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். வேர் நீளம் முழுக்கப் பழுப்பாகி, அழுத்தினால் கூழாகி, உறை உருவிக்கொண்டு உள்ளே ஒரு நரம்பு மட்டும் மிஞ்சினால் அது அழுகல். உரம் போடுபவர்கள் அளவை நான்கில் ஒரு பங்காகக் குறைத்து, மாதம் ஒரு முறையாவது வெறும் தண்ணீரால் தாராளமாக அலச வேண்டும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

செடியைக் கண்டதும் கை தண்ணீர்க் குவளைக்குப் போகிறவர் பாசியைத் தொடவே வேண்டாம். பெரிய துண்டுப் பட்டையோடு மூன்றில் ஒரு பங்கு கரியோ எரிமலைக்கல்லோ கலந்து, மண்தொட்டியிலோ பக்கத் துளையுள்ள தொட்டியிலோ வையுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினாலும் அது மன்னிக்கும். ஈரக்காற்று எப்போதும் இருக்கும் இடத்திலும், மழை நேராக விழும் இடத்திலும் இதே கலவைதான், கரியும் கல்லும் இன்னும் கூடுதலாக.

வேலைக்கு நடுவே செடியை மறந்துவிடுபவர், அல்லது குளிர்சாதனம் ஓடும் வறண்ட அறையில் வைத்திருப்பவர், நன்றாக அலசிய மட்டைத் துண்டையோ நடுத்தரப் பட்டையோடு ஐந்தில் ஒரு பங்கு பாசியையோ முயலலாம். பாசியைத் தனி அடுக்காக வைக்காமல் இழை இழையாகப் பிரித்துக் கலக்க வேண்டும். அடுக்காக வைத்தால் அந்த அடுக்கு ஒரு வேகத்தில் காயும், மற்றது வேறு வேகத்தில் காயும், எதைப் பார்த்து ஊற்றுவது என்று தெரியாமல் போகும். எத்தனையோ பொருள்களைக் கலக்கும் சமையல்குறிப்புகளிலும் எனக்கு இதே தயக்கம் உண்டு. இரண்டு பொருள் போதும், அதுவும் ஏறத்தாழ ஒரே அளவுத் துண்டுகளாக.

குளிரான, வெளிச்சம் குறைந்த இடத்தில் வைப்பவர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். செடி வளராமல் இருக்கும்போது தண்ணீர் குடிக்காது. ஊடகத்தை ஒரு படி பெரிய துண்டாகவும் தொட்டியை ஒரு படி சின்னதாகவும் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் ஒரு சிறிய விசிறி வையுங்கள். எந்த ஊடகத்தையும்விட அது அதிக வேர்களைக் காப்பாற்றும்.

பல வகை ஆர்கிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒவ்வொன்றுக்கும் நூல்படி தனித்தனி ஊடகம் வைத்தால் தண்ணீர் ஊற்றும் நாள்களும் தனித்தனியாகிக் குழப்பம் வரும். அதற்குப் பதில், தாகம் அதிகமுள்ள செடிக்குச் சின்னத் துண்டு, காய வேண்டிய செடிக்குப் பெரிய துண்டு என்று ஒரே பட்டையின் அளவை மட்டும் மாற்றினால், எல்லாத் தொட்டிகளும் ஏறத்தாழ ஒரே நாளில் தண்ணீருக்குத் தயாராகும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாற்றி நடும் நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. புது வேர் முளைவிடும் சமயம்தான் நல்ல சமயம். ஃபெலனாப்சிஸுக்குப் பூ முடிந்தபின். ஆனால் ஊடகம் புளித்த வாடை அடித்தாலோ, சிறு கொசு போன்ற பூச்சிகள் தொட்டியிலிருந்து பறந்தாலோ, செடி தொட்டியில் ஆடினாலோ சமயம் பார்க்க வேண்டாம்.

அழுகலோடு எடுத்துவிட்டீர்கள் என்றால், தீயில் காட்டிய கத்தரியால் கூழான வேர்களை வெட்டுங்கள். கெட்டியாக இருப்பவை பழுப்பு நிறமானாலும் இருக்கட்டும், வெளிச்சம் படாத வேர் அப்படித்தான் இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவது நல்ல திசுவையும் சேர்த்துத் தாக்கும், வேண்டாம். இலவங்கப்பட்டைப் பொடி தூவும் பழக்கம் உள்ளவர்கள் தண்டின் வெட்டுக்காயத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அது நல்ல வேரைக் காயவைத்துவிடும். ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு, மிஞ்சிய வேருக்கு ஏற்ற மிகச் சிறிய தொட்டியில், புதுப் பாசியைப் பிழிந்து தளர்வாகச் சுற்றி நடுங்கள். வெயில் நேராகப் படாத, காற்றில் ஈரம் உள்ள இடத்தில் வையுங்கள். இலை சில வாரங்கள் துவண்டே இருக்கும், அதைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்ட வேண்டாம். பச்சையான புது வேர் நுனி தெரியும்வரை உரம் கிடையாது. அந்த வேர்கள் விரல் நீளத்துக்கு வந்தபின், உங்கள் பழக்கத்துக்குத் தேர்ந்தெடுத்த ஊடகத்துக்கு மாற்றலாம்.